நகரத்துக்கு நாம் போடும் மார்க்

2021 மார்ச்சில் மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் வாழ்வதற்கு எளிதான நகரங்களின் பட்டியலை வெளியிட்டது. 111 நகரங்களை ஆராய்ந்து தயாரித்த பட்டியல் அது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் பெங்களூருக்கு முதலிடம், சென்னைக்கு நான்காவது இடம், கோயம்புத்தூருக்கு ஏழாவது இடம். அடுத்த ஆண்டு, லண்டனில் இயங்கும் எகனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட் உலக நகரங்களை வரிசைப்படுத்தியபோது, அதில் இருந்த ஐந்து இந்திய நகரங்களில் பெங்களூருதான் கடைசி. 2023இலும் அப்படியே. இடையில் பெங்களூரு ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. அதே நெரிசல், அதே ஏரிகள், அதே மழைக்காலம். பிறகு எப்படி ஒரே ஊர் ஓரிடத்தில் முதலாகவும் இன்னோரிடத்தில் கடைசியாகவும் வருகிறது?

இரண்டு பட்டியலுமே பொய் சொல்லவில்லை. யாருக்காகத் தயாரித்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். எகனாமிஸ்ட் நிறுவனம் நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்ற ஐந்து தலைப்புகளில் நகரங்களுக்குப் புள்ளி போடுகிறது. வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் கம்பெனிகள், எந்த ஊருக்குப் போகிறவருக்கு எவ்வளவு கஷ்டப்படி கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு இந்தப் பட்டியல் பயன்படுகிறது. புள்ளி போடுகிறவர்கள் நிபுணர்கள். அந்த ஊரில் வசிக்கிறவரின் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை.

மத்திய அரசின் பட்டியலில் மக்கள் கருத்துக்கும் இடம் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் மக்களிடம் கேட்ட கேள்விகளிலிருந்து வந்தது. மீதி 70 சதவீதம், வாழ்க்கைத் தரம், பொருளாதாரம், நிலைத்த வளர்ச்சி என்ற பிரிவுகளில் திரட்டிய புள்ளிவிவரம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மொத்தத்தில் முதலிடம் பெங்களூருக்கு. வாழ்க்கைத் தரம் என்ற பிரிவில் மட்டும் பார்த்தால் பெரிய நகரங்களில் முதலிடம் சென்னைக்கு. மக்கள் கருத்தில் மட்டும் பார்த்தால் முதலிடம் புவனேசுவரத்துக்கு. ஒரே பட்டியலுக்குள்ளேயே மூன்று ஊர்கள் முதலாக வந்திருக்கின்றன. எனவே பத்திரிகையில் “முதலிடம்” என்று பார்த்ததும், எந்தக் கட்டத்தில் முதலிடம் என்று அடுத்த வரியில் தேடுவது நல்லது.

மக்களிடம் நேரடியாகக் கேட்பதுதான் சரியான வழி என்று தோன்றும். ஒரு நகரம் எப்படி இருக்கிறது என்று அங்கே வசிப்பவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது.

திருப்தி என்பது கிடைத்ததை மட்டும் வைத்து வருவதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் மனநிலையைப் பற்றி ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் சொன்ன இந்தக் கருத்தை, கிரெக் வான் ரைசின் என்ற ஆய்வாளர் 2004இல் நியூயார்க் நகரச் சேவைகளுக்குப் பொருத்திப் பார்த்தார். அங்கேயும் எதிர்பார்ப்பு பெரிய பங்கு வகித்தது. நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்துகொண்டிருந்த தெருவில் இப்போது இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்தால், அந்தத் தெருக்காரர்கள் “இப்ப நல்லா வருது” என்பார்கள். தினமும் வந்துகொண்டிருந்த அடுத்த தெருவில் அதே இரண்டு நாள் முறை வந்தால், அங்கே மறியல் நடக்கும். குழாயில் வந்த தண்ணீரோ இரண்டு தெருவுக்கும் ஒரே அளவு.

இதனால் ஒரு பெரிய அநியாயம் நடந்துவிடுகிறது. காலமெல்லாம் குறைவாகவே பெற்றுப் பழகியவர்கள் குறைவாகவே எதிர்பார்க்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டால் “பரவாயில்லை” என்று பதில் வரும். அந்தப் பரவாயில்லையை எடுத்துக் கணக்கில் போட்டு, “குடிசைப் பகுதி மக்களில் இத்தனை சதவீதத்தினர் திருப்தி” என்று அறிக்கை எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். அது பொய்யான புள்ளிவிவரம் இல்லை. ஆனால் அதை வைத்து அந்தப் பகுதிக்குச் செலவு செய்ய வேண்டிய பணத்தை இன்னொரு பகுதிக்குத் திருப்பினால், அது பழகிப்போன பொறுமைக்கு நாம் கொடுக்கும் தண்டனை.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். வடசென்னையில் ஒரு சந்து. ஒரு வீட்டு வாசலில் கணக்கெடுப்பாளர் டேப்லெட்டோடு நிற்கிறார்.

“அக்கா, குடிநீர் வசதி திருப்தியா இருக்கா?”

“ம்... இருக்குப்பா.”

அவர் “திருப்தி” என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் அவர் அதே பெண்ணிடம் இப்படிக் கேட்டிருந்தால்?

“தண்ணி எத்தனை மணிக்கு வருது அக்கா?”

“விடியக்காலை நாலு, நாலரைக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.”

“யாரு புடிப்பாங்க?”

“நான்தான். பொண்ணு எந்திரிச்சா அவளும். அவளுக்கு ஸ்கூல் இருக்கு, பாவம்.”

“எத்தனை குடம்?”

“பதினஞ்சு. மொத ரெண்டு குடத்தை ஊத்திருவோம். கலங்கலா வரும், நாத்தம் வேற.”

“குடிக்கவும் இதேதானா?”

“குடிக்க கேன் வாங்குறோம். வாரத்துக்கு மூணு.”

முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலும் உண்மை, பின்னால் வந்த பதில்களும் உண்மை. முதல் பதிலை வைத்துக்கொண்டு குடிநீர் வாரியத்தில் யாரும் எதுவும் செய்ய முடியாது. பின்னால் வந்தவற்றை வைத்து, அந்தச் சந்துக்கு வரும் குழாயில் எங்கோ சாக்கடை கலக்கிறது, தண்ணீர் திறக்கும் நேரத்தை மாற்ற வேண்டும் என்ற இரண்டு விஷயங்களை ஏரியா இன்ஜினியரே முடிவு செய்துவிடலாம். அந்தக் கேன் செலவைக் கேட்காமல் விட்டிருந்தால், அந்தக் குடும்பம் குடிநீருக்காக மாதாமாதம் கைக்காசைச் செலவழிப்பதும் தெரியாமலே போயிருக்கும். “திருப்தியா?” என்ற ஒற்றைக் கேள்வி சோம்பேறித்தனமான கேள்வி. அது யாருக்கும் வேலை வைக்காது.

இதை நம் நாட்டில் முதலில் முறையாகச் செய்து காட்டிய ஊர், மேலே சொன்ன அதே பெங்களூருதான். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முன்னாள் இயக்குநரான சாமுவேல் பால், உலக வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு பெங்களூரில் வந்து குடியேறினார். கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும்போது, அரசு அலுவலகங்களின் வாடிக்கையாளரான பொதுமக்களிடம் ஏன் யாரும் கேட்பதில்லை என்பது அவருடைய கேள்வி. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1993, 94இல் ஒரு கணக்கெடுப்பை நடத்தினார். நடுத்தர மக்களிடம் தனியாக, குடிசைப் பகுதிகளில் தனியாக. அதற்குக் குடிமக்கள் மதிப்பெண் அட்டை என்று பெயர்.

அவர்கள் “ஊர் எப்படி இருக்கிறது?” என்று கேட்கவில்லை. மின்வாரியத்துக்குப் போனீர்களா? எத்தனை முறை அலைந்தீர்கள்? வேலை முடிந்ததா? ஊழியர் எப்படி நடந்துகொண்டார்? கூடுதலாக ஏதாவது கொடுக்க வேண்டியிருந்ததா? இப்படி ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாக, அதோடு உண்மையிலேயே பழக்கம் உள்ளவர்களிடம் கேட்டார்கள். லஞ்சத்தைப் பற்றி நேராகக் கேட்டதுதான் அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல்.

வந்த முடிவு யாரையும் தூங்கவிடாத முடிவு. பெங்களூரு மாநகராட்சியின் சேவை திருப்தி என்றவர்கள் நூற்றுக்கு 5 பேர். குடிநீர் வாரியத்துக்கு 4, மின்வாரியத்துக்கு 6, தொலைபேசிக்கு 9. வீட்டுமனை ஒதுக்கும் பெங்களூரு வளர்ச்சி ஆணையத்துக்கு 1. அந்த ஆணையத்தைப் பற்றி அதிருப்தி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர். மீதிப் பேர் நடுவில், இப்படியும் சொல்லாமல் அப்படியும் சொல்லாமல். இந்த நடுப்பகுதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் தன் அறிக்கையில் இவர்களையும் “ஓரளவு திருப்தி” என்று கூட்டிக்கொண்டால் 1 என்பது முப்பதைத் தாண்டிவிடும். எந்தக் கட்டங்களைச் சேர்த்துக் கூட்டினார்கள் என்று தெரியாதவரை சதவீதத்தை நம்பக்கூடாது.

டைம்ஸ் ஆஃப் இந்தியா இந்த முடிவுகளை நிறுவனங்களின் பெயரோடு வெளியிட்டது. அதுவரை “அரசாங்கம் சரியில்லை” என்று பொதுவாகப் புலம்பியவர்களுக்கு, எந்த ஆபீஸ் எந்த இடத்தில் சரியில்லை என்று கையில் கிடைத்தது. 1994இல் பொது விவகார மையம் என்ற அமைப்பை சாமுவேல் பால் தொடங்கினார். பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் கண்டுகொள்ளவில்லை. அடிமட்ட மார்க் வாங்கிய வளர்ச்சி ஆணையம்தான் முதலில் இந்த மையத்தைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டது.

1999இல் மறுபடியும் அதே மாதிரி கணக்கெடுத்தார்கள். திருப்தி கூடியிருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. லஞ்சம் குறையவில்லை. ஐந்தாண்டுகள் ஓடியும் இவ்வளவுதானா என்று ஊரே கேட்டது. அந்த ஆண்டு முதல்வரான எஸ்.எம். கிருஷ்ணா, இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகணி தலைமையில் பெங்களூரு செயல்திட்டப் பணிக்குழு ஒன்றை அமைத்தார். மாநகராட்சி, குடிநீர், மின்சாரம், பேருந்து, தொலைபேசி, காவல்துறை, வளர்ச்சி ஆணையம் என்று ஏழு நிறுவனங்கள் அதில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முதல்வரும் மக்களும் உட்கார்ந்திருக்கும் அரங்கில், ஒவ்வொரு நிறுவனத்தின் தலைவரும் மேடை ஏறிப் போன முறை என்ன சொன்னோம், என்ன செய்தோம், அடுத்து என்ன என்று சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்கப்படாத தொழிலதிபர்கள் நகரத்தை நடத்தலாமா என்ற எதிர்ப்பும் வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு, கவுன்சிலர் செய்ய வேண்டிய வேலையை நியமனக் குழுவிடம் கொடுத்தால் அது நிலைக்காது. 2004இல் ஆட்சி மாறியதும் அந்தக் குழு செயலிழந்தது. ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் அந்த மேடைக்கு ஒரு வலு இருந்தது.

2003இல் மூன்றாவது மதிப்பெண் அட்டை. பெரும்பாலான நிறுவனங்கள் எழுபது சதவீதத்தைத் தாண்டின. லஞ்சமும் குறைந்திருந்தது. ஒற்றை இலக்கத்திலிருந்து எழுபதுக்கு மேல் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள். இதற்குக் காரணம் கணக்கெடுப்பு மட்டும்தான் என்று சொல்ல முடியாது. தொலைபேசித் துறையில் போட்டி வந்துவிட்டது, கம்ப்யூட்டர் வந்துவிட்டது, மாநில அரசு முனைப்பாக இருந்தது. ஆனால் முன்னேற்றம் நடந்ததா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், முன்பு கேட்டதையே திரும்பக் கேட்டதுதான். ஒரு முறை எடுக்கும் சர்வே செய்தியோடு முடிந்துபோகிறது. மூன்று முறை எடுத்தால் அதிகாரிக்கு அடுத்த தேதி தெரியும்.

அப்படியானால் இன்றைய பெங்களூரு? 2007இல் சுற்றியிருந்த ஏழு நகராட்சிகள், ஒரு பேரூராட்சி, 110 கிராமங்கள் எல்லாவற்றையும் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். பரப்பளவு ஏறத்தாழ மூன்று மடங்கானது. அந்த 110 கிராமங்களுக்குக் காவிரி நீர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த ஆண்டு கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, அந்தப் புறநகர்களில்தான் டேங்கர் லாரிக்காக மக்கள் தவித்தார்கள். மாமன்றத்தின் பதவிக்காலம் 2020இல் முடிந்து, தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் ஓடின. 2025இல் நகரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். ஆகவே 2003இன் பெங்களூரு வேறு, இன்றைய பெங்களூரு வேறு. பழைய மார்க்கையும் புதிய மார்க்கையும் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று பேசுவதில் அர்த்தமில்லை. எல்லை மாறினால் கணக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும். இது சென்னைக்கும் பொருந்தும். 2011இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426ஆக விரிந்தது. திருவொற்றியூர், அம்பத்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் அப்போது உள்ளே வந்தவை. மயிலாப்பூரையும் சோழிங்கநல்லூரையும் ஒன்றாகக் கலந்து “சென்னைவாசிகளில் 60 சதவீதத்தினர் திருப்தி” என்றால் அது இரண்டில் ஒன்றைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

இங்கே எண்ணிக்கை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். சர்வே எடுக்க ஊரையே கேட்க வேண்டியதில்லை. குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரிடம் கேட்டாலே, நகரம் முழுவதற்குமான விடை மூன்று சதவீதம் முன்பின்னாகக் கிடைத்துவிடும். குழம்பில் உப்பு போதுமா என்று பார்க்க நன்றாகக் கலக்கிவிட்டு ஒரு கரண்டி எடுத்தால் போதும். ஆனால் கலக்க வேண்டும். தானாக முன்வந்து பதில் சொல்பவர்களை மட்டும் வைத்து எத்தனை லட்சம் பேரைச் சேர்த்தாலும் அது கலக்காத குழம்புதான். 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடி பேருக்குத் தபால் அனுப்பி, ஏறத்தாழ 24 லட்சம் பதில்களைப் பெற்று, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவர் பெரு வெற்றி பெற்றார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகளையே பெரும்பாலும் பத்திரிகை நம்பியிருந்தது, பதில் அனுப்பியவர்களும் கோபத்தில் இருந்தவர்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

மேலே சொன்ன பட்டியலுக்காக 2020இல் மத்திய அரசு நடத்திய கருத்துக்கணிப்பில் பதில் சொன்னவர்கள் 32 லட்சம் பேர். பெரிய எண்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்ற ஏற்பாட்டில், எந்த ஊர் நிர்வாகம் அதிகமாகப் பிரசாரம் செய்ததோ அந்த ஊரின் குரல் கூடுதலாக ஒலிக்கும். மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பிலும் இதே சிக்கல் உண்டு. 2016இல் 73 நகரங்களோடு தொடங்கிய அந்தப் போட்டியில் முதலில் வந்தது மைசூரு, மூன்றாவதாக வந்தது நம் திருச்சி. நல்ல போட்டி, பல ஊர்களில் குப்பை அள்ளும் முறையை அது மாற்றியது. ஆனால் மக்கள் கருத்துக்கு மார்க் என்று வந்த பிறகு, பல ஊர்களில் நகராட்சி ஊழியர்களே வீடு வீடாகப் போய்ப் போனை வாங்கிப் பதில் போட்டுக் கொடுத்தார்கள். உங்கள் ஊர் போட்டியில் இருப்பது தெரியுமா என்பதே அதில் ஒரு கேள்வியாக இருந்தது. விளம்பரத் தட்டி பார்த்திருந்தால் தெரியும் என்று சொல்லலாம், தெருவில் குப்பை கிடந்தாலும்.

எண்ணிக்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஆயிரம் பேரிடம் எடுத்த சர்வேயை வைத்து வார்டு வாரியாக ராங்க் போடும் செய்திகள் வரும். சென்னையில் 200 வார்டுகள். ஆயிரத்தை இருநூறால் வகுத்தால் வார்டுக்கு ஐந்து பேர். ஐந்து பேர் சொன்னதை வைத்து ஒரு வார்டு நல்லது, பக்கத்து வார்டு மோசம் என்று எழுதுவது அநியாயம். அந்த வார்டு கவுன்சிலருக்கும் சேர்த்து.

யாரைக் கேட்கிறார்கள் என்பதும் அப்படியே. பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் வேலைக்குப் போனவர் இருக்க மாட்டார். அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார். வாடகைக்கு இருப்பவர் “ஹவுஸ் ஓனரைக் கேளுங்க” என்பார். கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா தொழிலாளர்களின் தகரக் கொட்டகை பட்டியலிலேயே இருக்காது, நகரத்தின் தண்ணீரையும் கழிப்பறையையும் அவர்களும்தான் பயன்படுத்துகிறார்கள். கேட்க வருகிறவர் மாநகராட்சி அடையாள அட்டை மாட்டியிருந்தால், முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டி குறை சொல்ல மாட்டார். சொன்னால் தொகை நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு உண்மையான பயம். இதற்காகத்தான் சேவை தரும் நிறுவனமே தன்னைப் பற்றிக் கருத்துக் கேட்கக் கூடாது, வெளியார் கேட்க வேண்டும் என்று இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

“சர்வே எதற்கு, புகார் எண்ணிக்கை இருக்கிறதே” என்று கேட்கலாம். சென்னையில் 1913க்குப் போன் செய்தால் தெருவிளக்கு, குப்பை, மழைநீர் தேக்கம் எல்லாவற்றுக்கும் புகார் பதிவாகும். பயனுள்ள ஏற்பாடு. ஆனால் புகார் குறைவு என்றால் குறை குறைவு என்று ஆகாது. போன் செய்தால் ஆள் வருவார் என்ற நம்பிக்கை உள்ள ஏரியாவிலிருந்துதான் அதிகம் போன் வரும். பத்து முறை சொல்லியும் யாரும் வராத இடத்தில் பதினோராவது போன் வராது. தெருவிளக்கு எரியாமலே “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்ற குறுஞ்செய்தி வந்த அனுபவம் பலருக்கு இருக்கும். அதன் பிறகு அவர் புகார் எண்ணிக்கையில் இல்லை, ஆனால் இருட்டில்தான் நடக்கிறார்.

பேசாமல் விலகிப் போகிறவர்களைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் எழுதிய புத்தகத்தில் நைஜீரியாவின் ரயில்வேயைப் பற்றி ஒரு விஷயத்தைக் கவனித்தார். லாரிகள் போட்டிக்கு வந்தால் ரயில்வே திருந்தும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திருந்தவில்லை. ஏனென்றால் அதிகமாகக் குரல் கொடுத்திருக்கக்கூடியவர்கள்தான் முதலில் லாரிக்கு மாறினார்கள். அவர்கள் போன பிறகு ரயில்வேயைத் தட்டிக் கேட்க ஆளில்லை. அரசுப் பணத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நம் நகரங்களில் நடப்பது இதுதான். குழாய்த் தண்ணீர் சரியில்லையா, கேன். கேன் பிடிக்கவில்லையா, ஆர்.ஓ. மெஷின். தண்ணீரே வரவில்லையா, லாரி. மின்வெட்டா, இன்வெர்ட்டர். கார்ப்பரேஷன் பள்ளியா, வேண்டாம், மெட்ரிக். வசதி உள்ளவர் ஒவ்வொன்றாக விலகிக்கொள்கிறார். அவரிடம் போய் மாநகராட்சிக் குடிநீர் எப்படி என்று கேட்டால், “எங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை” என்கிறார். பிரச்சினை இல்லைதான், அவர் அதைக் குடிப்பதே இல்லை. விலக முடியாதவர்கள் மட்டும் அந்தக் குழாயடியில் நிற்கிறார்கள். 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வற்றியபோது மட்டும், விலகியிருந்த எல்லோரும் ஒரே லாரிக்கு வரிசையில் வந்து நின்றார்கள். நல்ல கணக்கெடுப்பில் “இந்தச் சேவையைப் பயன்படுத்துகிறீர்களா? இல்லையென்றால் ஏன் விட்டீர்கள்? மாற்றுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது?” என்ற கேள்விகள் முதலில் வர வேண்டும். விட்டுப் போனதும் ஒரு பதில்தான். அதைத் திருப்தி என்ற கட்டத்தில் போடக் கூடாது.

சேவை தருகிறவர்களின் நிலையும் எந்தக் கருத்துக்கணிப்பிலும் வருவதில்லை. விடியற்காலையில் தெருவைப் பெருக்குகிற தூய்மைப் பணியாளர் கான்ட்ராக்டில் இருக்கிறாரா, கையுறை கொடுத்தார்களா, சம்பளம் மாதம் முடிந்ததும் வந்ததா என்று கேட்காமல், தெரு சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. சுத்தமான தெருவில் நடந்து போகிற நமக்கு இதைக் கேட்கும் கடமை இருக்கிறது.

அடுத்த முறை நகரத் திருப்தி பற்றிய செய்தி வரும்போது, கணக்கெடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார், எத்தனை பேரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எந்த நிறுவனத்தைப் பற்றி என்ன வார்த்தையில் கேட்டார்கள், முன்பு எப்போது இதையே கேட்டார்கள் என்று பாருங்கள். இந்த விவரங்கள் இல்லாத செய்தியைப் படித்துவிட்டுத் தள்ளி வைக்கலாம்.

நாமே செய்யக்கூடியதும் உண்டு. பத்து ஆண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் வார்டுக் குழு, பகுதி சபா விதிகள் வந்தன. நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபாக்கள் கூடின. கிராம சபையைப் போல நகரத்துக்கும் ஒரு சபை. பல இடங்களில் பத்து இருபது பேர் வந்து, ஆளுக்கொரு குறையைச் சொல்லிவிட்டு, கவுன்சிலர் குறித்துக்கொண்டு, டீயோடு முடிகிறது. அங்கே “எங்க தெருவுல தண்ணியே சரியில்ல” என்று சொல்வதைவிட, தெருவில் உள்ள முப்பது வீட்டிலும் ஒரே ஐந்து கேள்வியைக் கேட்டு எழுதிய ஒரு தாளைக் கொண்டுபோனால் பேச்சே மாறும். எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனை வீட்டில் கலங்கல், எத்தனை வீட்டில் கேன் வாங்குகிறார்கள், குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் வந்தது, புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை முடிந்தது. வாடகைக்கு இருப்பவர்களையும் மாடி போர்ஷன்காரர்களையும் விடாமல் கேட்க வேண்டும். தாளின் ஒரு நகலை உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, இன்னொன்றைக் கூட்டக் குறிப்போடு சேர்க்கச் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த சபைக்கு முன்னால் அதே முப்பது வீட்டுக்கும் அதே ஐந்து கேள்வியோடு மறுபடி போக வேண்டும்.